தேனி மலையில மூணு நாள் நடை: டென்ட்டை வீட்டுலயே வச்சுட்டு வாங்க

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றும்போது கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

பெங்களூர்ல டெஸ்டிங் வேலை பார்க்கற ஒரு நேயர் போன மாசம் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, மார்ச்ல லாங் வீக்கெண்ட் வருது. நாங்க நாலு பேர். ஆளுக்கு ஒரு பை, ரெண்டு டென்ட். போடியில இறங்கி குரங்கணி வழியா ஏறி, கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன் பார்த்துட்டு, மலைமேலயே நடந்து மேகமலை போய், அங்கிருந்து கம்பத்துல இறங்கிடலாம்னு பிளான். ரூட் மட்டும் சொல்லுங்க."

ரூட் மட்டும் சொல்ற அளவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மார்ச், டென்ட், குரங்கணி, மலைமேலயே நடக்கறது. இந்த நாலுமே தனித்தனியா பேச வேண்டியவை. எனக்குச் சொந்த ஊர் போடி பக்கம், மாமா வீடு இன்னும் அங்கதான் இருக்கு. அதனால ரூட்டுக்கு முன்னாடி மலையைச் சொல்லிடறேன்.

மேப்பைத் திறந்து வச்சுக்கோங்க. கம்பம் பள்ளத்தாக்கை ஒரு குதிரை லாடம் மாதிரி நினைச்சுக்கலாம். மேற்குப் பக்கம் கேரள எல்லை ஓடற மலைவரிசை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி எல்லாம் அந்த வரிசையில இருக்கற வாசல்கள். கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவுல தரையில கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர். 1895-ல பெரியாறு அணை கட்டி, சுரங்கம் வழியா தண்ணியை இந்தப் பக்கம் திருப்பினதுக்கு அப்புறம் நெல்லும், பின்னால திராட்சையும் செழிச்ச தரை அது. குரங்கணி இருக்கறது லாடத்தோட மேற்குக் கையில, வடக்கு முனையில. மேகமலை கிழக்குக் கையில. ரெண்டுக்கும் நடுவுல முழுப் பள்ளத்தாக்கும் கிடக்கு. "மலைமேலயே நடந்து" போகணும்னா தெற்கே குமுளி வரைக்கும் போய், பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சுத்தி வரணும். எந்த அரசாங்கமும் அதுக்கு அனுமதி தராது. யானைகிட்ட அனுமதி கேட்கறது அதைவிடக் கஷ்டம்.

ஆக, இது ரெண்டு தனித்தனி மலைப் பயணம். நடுவுல ஒரு பஸ் பயணம். இதை முதல்ல ஒத்துக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

அடுத்தது டென்ட். யூடியூப்ல ஸ்காட்லாந்து, நியூசிலாந்து வீடியோ பார்த்து வளர்ந்த தலைமுறை நாம. முதுகுல வீட்டைச் சுமந்துக்கிட்டு, எங்க இருட்டுதோ அங்க படுத்துக்கறது. ஸ்காட்லாந்துல அதுக்குச் சட்டமே உரிமை குடுத்திருக்கு. இங்க நிலைமை வேற. போடி மலையிலயும் மேகமலையிலயும் நீங்க மிதிக்கற இடம் மூணு வகைதான். ஒண்ணு காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாம உள்ள கால் வச்சாலே குற்றம், கூடாரம் அடிக்கறது அதுக்கு மேல. ரெண்டாவது தனியார் எஸ்டேட், டீ, காபி, ஏலம். மூணாவது மலைக்கிராமங்கள். முதுவர்கள், பளியர்கள் தலைமுறை தலைமுறையா இருக்கற குடிகளும் அதுல உண்டு. மேகமலைப் பக்கம் இன்னும் கறார். 2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிச்சாங்க, தமிழ்நாட்டோட அஞ்சாவது புலிகள் காப்பகம். புலி, யானை, காட்டுமாடு நடமாடற இடத்துல நைலான் துணிக்குள்ள படுத்துத் தூங்கறதுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

அதனால நம்ம ஊர்ல பலநாள் மலைநடைன்னா அர்த்தம் இதுதான்: பகல்ல நட, ராத்திரி கூரைக்குக் கீழ படு. லாட்ஜோ, எஸ்டேட் தங்கும் இடமோ, வனத்துறை விடுதியோ. எனக்கு இது குறையாவே தெரியல. டென்ட், ஸ்லீப்பிங் பேக், மேட், ஸ்டவ் எல்லாம் போனா பையில அஞ்சாறு கிலோ குறையும். முட்டிக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

மார்ச்

இப்போ மார்ச்சுக்கு வர்றேன். இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும்.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினாங்க. சென்னைக் குழுவுல பெரும்பாலும் பெண்கள், மகளிர் தினத்தை ஒட்டின பயணம். நிறையப் பேர் ஐடி வேலையில இருந்தவங்க. நம்மள மாதிரி வாரம் அஞ்சு நாள் ஸ்கிரீன் பார்த்துட்டு, ரெண்டு நாள் பச்சையைப் பார்க்க வந்தவங்க. ராத்திரி மேல தங்கிட்டு, மறுநாள் ஞாயிறு, மார்ச் 11, இறங்கிட்டு இருந்தாங்க. மதியத்துக்கு மேல, ஒத்தமரம்னு சொல்ற பகுதிக்கிட்ட காட்டுத்தீ சூழ்ந்துக்கிச்சு. அந்த நாளும் அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிகள்லயுமா இறந்தவங்க 23 பேர்.

நான் அப்போ இன்ஜினியரிங் கடைசி வருஷம். அந்த ஞாயிறு மாமா வீட்டுல இருந்தேன். போடியில மொட்டைமாடிக்குப் போனா மலை நேரா தெரியும். மாசி, பங்குனியில ராத்திரி மலைமேல நெருப்பு மாலை மாதிரி வளைஞ்சு எரியறது எங்க ஊர்ல யாருக்கும் புதுசு இல்லை. சின்ன வயசுல அதை அழகுன்னே நினைச்சிருக்கேன். அன்னிக்குச் சாயந்திரம் ஆம்புலன்ஸ் சத்தம் நிக்கவே இல்லை. மாமா மாடிக்கு வந்து பார்த்துட்டு, "ஆளுக உள்ள இருக்காகளாம்டா"ன்னு மட்டும் சொன்னார்.

முதல்ல மேல ஓடிப் போனது குரங்கணிக்காரங்களும் சுத்துப்பட்டு மலைக்கிராமத்து ஆளுங்களும்தான். ரோடு கிடையாது. போர்வையில, துணியில தொட்டில் கட்டி, இருட்டுல, செங்குத்தான சரிவுல தூக்கிட்டு வந்தாங்க. விமானப்படை ஹெலிகாப்டர்களோட முழு வேலை விடிஞ்சதுக்கு அப்புறம்தான் நடந்தது.

ஏன் அப்படி ஆச்சுங்கறதுல அனுமதி, பொறுப்பு, வழக்கு சம்பந்தமா நிறையப் பேச்சு உண்டு. குழு வாங்கின அனுமதி டாப் ஸ்டேஷன் வழிக்கு, போனது கொழுக்குமலை வழிக்குன்னு அப்போ வனத்துறை சொன்னது. நான் இன்னிக்கு அதுக்குள்ள போகல. ஒரு புல்சரிவுல தீ எப்படி நடந்துக்கும்ங்கற இயற்பியலைத்தான் சொல்லப்போறேன். ஏன்னா அது தெரியாம மார்ச்ல மலை ஏறலாமா வேணாமான்னு உங்களால முடிவெடுக்க முடியாது.

தீக்கு எரிபொருள் வேணும். மரக்கட்டை காயறதுக்கு வாரக்கணக்கு ஆகும். புல் அப்படி இல்லை. காலையில பனியில நனைஞ்ச புல், ரெண்டு மணி நேர வெயில்ல பொரியற அளவுக்குக் காஞ்சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஆள் உயரத்துக்கு வளர்ந்த புல் எல்லாம் மாசியில வைக்கோல். கேரளப் பக்கம் நனையற அளவுக்கு இந்தக் கிழக்குச் சரிவு நனையாது, தென்மேற்குப் பருவமழைக்கு இது மழை மறைவுப் பகுதி. அதனால ஜனவரியிலிருந்து அடுத்த நல்ல மழை வர்ற வரைக்கும் இது காஞ்சுக்கிட்டே போகும்.

அடுத்தது சரிவு. சமதரையில தீ எரியும்போது சுவாலை நேரா மேல போகும். சரிவுல சுவாலை மலைப்பக்கமாச் சாயும், மேல இருக்கற புல்லைத் தொடறதுக்கு முன்னாடியே அதைச் சூடாக்கிக் காய வச்சுடும். தீயணைப்புக்காரங்க பொதுவா வச்சிருக்கற கணக்கு: சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல ஏறற தீயோட வேகம் ரெண்டு மடங்கு. சமதரையில நடக்கற வேகத்துல வர்ற தீ, 30 டிகிரி சரிவுல எட்டு மடங்கு. ஷூ போட்டு, பை மாட்டி, மேல்நோக்கி ஓடற மனுஷனோட வேகம் அதே சரிவுல பாதியாயிடும். ரெண்டு கோடும் ஒண்ணையொண்ணு வெட்டற இடம் ரொம்ப சீக்கிரம் வந்துடும்.

மூணாவது காத்து. பகல்ல வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும்போது காத்து பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். ராத்திரி அது திரும்பும். மதியம் ரெண்டு, மூணு மணிக்கு இந்தக் காத்து நல்ல பலத்துல இருக்கும். ஆக, மதியம் கீழ பத்தின தீக்கு மேல போறதுக்கு எல்லாமே உதவி. இறங்கிட்டு இருக்கறவங்க அதை நேருக்கு நேர் சந்திக்கறாங்க. சரிவுல ஓடை, வெட்டு மாதிரி பள்ளமான கோடுகள் இருந்தா அது புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். பயத்துல மனுஷன் ஒளியத் தேடற இடமும் அதேதான்.

அமெரிக்காவுல மொண்டானா மாநிலத்துல மேன் கல்ச்னு ஒரு பள்ளத்தாக்கு. 1949 ஆகஸ்ட் 5. பாராசூட்ல குதிச்சுத் தீ அணைக்கற பயிற்சி பெற்ற ஆட்கள், இதே மாதிரி புல்சரிவுல மாட்டினாங்க. தீ கீழருந்து வந்தது, எல்லாரும் மேல ஓடினாங்க. 13 பேர் இறந்தாங்க. குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் ஓடறதை நிறுத்திட்டு, ஒரு தீக்குச்சியைக் கிழிச்சுத் தனக்கு முன்னாடி இருந்த புல்லைப் பத்த வச்சார். அது எரிஞ்சு முடிஞ்ச சாம்பல்ல குப்புறப் படுத்துக்கிட்டார். பெரிய தீ வந்தப்போ அங்க எரிய எதுவும் இல்லை. சுத்திப் போயிடுச்சு. அவர் பிழைச்சார்.

இதை நீங்க செஞ்சு பாருங்கன்னு சொல்லல, காட்டுல தீ வைக்கறது ஜெயில் விஷயம். இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது, தீ எங்க வராதுங்கற அறிவு. ஏற்கெனவே எரிஞ்சு கருகின இடம், வெறும் பாறை, அகலமான மண்பாதை, தண்ணி, நல்லாப் பராமரிச்ச பச்சைத் தேயிலைத் தோட்டம். நடக்கும்போது கண்ணு இதையெல்லாம் குறிச்சுக்கிட்டே வரணும். புகை வந்தா மேல ஓடாதீங்க, பக்கவாட்டுல நகர்ந்து சரிவுல தீயோட ஓரத்தைத் தாண்டப் பாருங்க. பாலியஸ்டர் டீஷர்ட் நெருப்புல உருகித் தோல்ல ஒட்டும். பருத்தி எரியும், ஆனா ஒட்டாது.

இன்னொண்ணு, நம்ம துறைக்காரங்களுக்குப் பிடிக்கும். செயற்கைக்கோள்கள் தீயைப் பார்க்குது. நாசா நடத்தற ஃபர்ம்ஸ்ங்கற வரைபடத்தை யார் வேணாலும் இலவசமாப் பார்க்கலாம். இந்திய வன ஆய்வு நிறுவனமும் இதே தரவை வச்சு எஸ்எம்எஸ் எச்சரிக்கை அனுப்புது, பொதுமக்களும் பதிவு செஞ்சுக்கலாம். கிளம்பறதுக்கு முந்தின வாரம் அந்த மலையில சிவப்புப் புள்ளி இருக்கான்னு பாருங்க. ஆனா இது லைவ் இல்லைங்கறதை மறக்காதீங்க. செயற்கைக்கோள் ஒரு நாளைக்கு சில தடவைதான் தலைக்கு மேல போகும், ஒரு பிக்சல் 375 மீட்டர், தகவல் வர சில மணி நேரம் ஆகும். புள்ளி இருந்தா போகாதீங்க. புள்ளி இல்லைங்கறது எதுக்கும் சான்று கிடையாது.

குரங்கணிக்கு அப்புறம் அதே 2018-ல தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தது. பாதைகளைக் கடினத்தை வச்சுப் பிரிச்சாங்க, முன் அனுமதி, வழிகாட்டி எல்லாம் கட்டாயமாச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சாங்க. மாநிலம் முழுக்க 40 பாதைகள், ஆன்லைன்ல முன்பதிவு, கூடவே மலைக்கிராமத்து இளைஞர்கள் பயிற்சி எடுத்து வழிகாட்டியா வர்றாங்க. தேனி மாவட்டப் பாதைகளும் அதுல உண்டு. எது திறந்திருக்கு, கட்டணம் எவ்வளவுங்கறதை அந்தத் தளத்துலயே பார்த்துக்கோங்க, மாறிட்டே இருக்கும். தீக்காலம்னு பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் பாதைகளை மூடிடறாங்க.

பெங்களூர் நண்பரே, உங்க மார்ச் பிளானுக்கு அதுதான் பதில். "தெரிஞ்ச ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார்"னு அடுத்த வாய்ஸ் நோட் வரும்னு எனக்குத் தெரியும். அந்தத் தெரிஞ்ச ஒருத்தரை பிளாக் பண்ணுங்க.

அப்போ எப்போ, எங்க

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சிருக்கும், ஓடையில தண்ணி இருக்கும், புல்லு இன்னும் பச்சையா இருக்கும். காலையில மேகம் காலுக்குக் கீழ கிடக்கும். அக்டோபர், நவம்பர்ல வந்தா மதியம் இடி மின்னல், வழுக்கற பாறை, மேகமலையில அட்டை. அட்டைக்குப் பயப்பட வேணாம், உப்பும் மூக்குப்பொடியும் போதும். மின்னலுக்குப் பயப்படுங்க.

போடி பக்கம் முதல் ரெண்டு நாள் வச்சுக்கலாம். சென்னையிலிருந்து போடிக்கு இப்போ நேரடி ரயில் உண்டு. 2010 கடைசியில மீட்டர்கேஜை மூடினதுக்கு அப்புறம் பன்னிரண்டரை வருஷம் காத்துக்கிடந்து, 2023 ஜூன்ல அகலப்பாதையில ரயில் வந்தது. அன்னிக்கு ஊரே ஸ்டேஷன்ல நின்னது தனிக்கதை. போடியிலிருந்து குரங்கணிக்கு பஸ்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போற பழைய பாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், காரணம் இன்ஜினியரிங். மூணாறு டீயைக் கடலுக்குக் கொண்டுபோக 1902-ல வெள்ளைக்காரங்க மூணாறுல இருந்து ஒரு ஒத்தைத் தண்டவாள ரயில் போட்டாங்க. ஒரு சக்கரம் தண்டவாளத்துல, இன்னொரு சக்கரம் ரோட்டுல, இழுக்கறது மாடு. 1908-ல அதைக் குறுகிய ரயில்பாதையா மாத்தினாங்க. அது வந்து முடியற உச்சிதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து டீப்பெட்டிகள் ரோப்வேயில தொங்கிக்கிட்டே கொட்டகுடிப் பக்கம் இறங்கும், அப்புறம் வண்டியில போடி. 1924 வெள்ளம் ரயிலை அடிச்சுட்டுப் போயிடுச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு. பாதி வழியில சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒரு மலைக்கிராமமே இருக்கு. சென்னைக்காரங்க அங்க நின்னு போட்டோ எடுக்காம வர மாட்டாங்க. இந்தப் பாதைக்கு அந்தந்த நேரத்துல அனுமதி உண்டான்னு போடி வனச்சரக அலுவலகத்துல கேட்டுட்டுதான் போகணும்.

கொழுக்குமலை வேடிக்கையான இடம். எஸ்டேட் இருக்கறது தமிழ்நாட்டுல, வண்டிப்பாதை இருக்கறது கேரளாவுல. சூரியநெல்லியிலிருந்து ஜீப்ல, எலும்பெல்லாம் இடம் மாறற அளவுக்குக் குலுங்கிப் போகணும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல. பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்னும் ஓடுது. சூரியோதயம் பார்க்கறதுன்னா இந்த ஜீப் வழியே போதும். அதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

மூணாவது நாள் மேகமலை. போடியிலிருந்து பஸ்ல சின்னமனூர், அங்கிருந்து மலைப்பாதை, 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூப்பேர். சுமார் 1,500 மீட்டர் உயரத்துல தேயிலை, நடுவுல அணைகள், ஓரத்துல சோலைக்காடு. இங்க நடக்கறதுன்னா எஸ்டேட் ரோட்டுல, பகல்ல, கூட்டமா. ரோட்டை விட்டு சோலைக்குள்ள இறங்கறதுக்கு இது பார்க் இல்லை. அரிக்கொம்பனை ஞாபகம் இருக்கும். 2023 ஏப்ரல்ல சின்னக்கானல்ல பிடிச்சு பெரியாறு காட்டுல விட்டாங்க. அது மேகமலையைச் சுத்திட்டு, மே 27 காலையில கம்பம் டவுனுக்குள்ளயே நடந்து வந்துடுச்சு. ஜூன் 5-ம் தேதி பிடிச்சுத் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து மலைக்குக் கொண்டுபோனாங்க. யானைக்கு நம்ம லாடம், பள்ளத்தாக்கு, மாநில எல்லை எதுவும் கிடையாது. சாணி சூடா இருந்தா, மூங்கில் ஒடியற சத்தம் கேட்டா, வழிகாட்டி "திரும்புங்க"ன்னு சொன்னா, திரும்பறதுதான். டிக்கெட் காசு பேச்சு அப்போ வரக்கூடாது.

சித்திரையில வர முடிஞ்சா இன்னொரு நடை இருக்கு. கூடலூர் லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, ஆறேழு கிலோமீட்டர் ஏத்தம். வருஷத்துல ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்னிக்கு மட்டும் ரெண்டு மாநில அரசும் விடும். பாட்டிகள் வெறும் காலோட, இடுப்புல தண்ணி பாட்டிலைச் செருகிக்கிட்டு நம்மள முந்திட்டுப் போவாங்க. என்னோட நூத்தம்பது டாலர் ஷூவைப் பார்த்து ஒரு அப்பத்தா, "இதப் போட்டும் இம்புட்டு மெதுவாவா வர்ற ராசா"ன்னு கேட்டாங்க.

கணக்கு

எவ்வளவு நேரம் ஆகும்னு கணக்குப் போட ஒரு பழைய சூத்திரம் இருக்கு. 1892-ல வில்லியம் நெய்ஸ்மித்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுகூட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் ஏத்தம்னு வச்சுக்கோங்க. தூரத்துக்கு ரெண்டு மணி 24 நிமிஷம், ஏத்தத்துக்கு ஒரு மணி 40 நிமிஷம், மொத்தம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. இது குளிர் ஊர்ல, பழகின ஆள், நிக்காம நடந்தா. நம்ம வெயில், நம்ம முட்டி, நம்ம செல்ஃபி எல்லாம் சேர்த்து ஒண்ணரையால பெருக்குங்க. ஆறு மணி நேரம். குழுவுல யார் ரொம்ப மெதுவோ அவங்களை வச்சுதான் கணக்கு, நடக்கும்போது அவங்கதான் முன்னால.

காலை ஏழுக்குக் கிளம்பினா மதியம் ஒண்ணு. இன்னொரு விஷயம், இது கிழக்குச் சரிவு. சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கறதால டிசம்பர்ல அதிகாரபூர்வ அஸ்தமனத்துக்கு ரொம்ப முன்னாடியே பாதையில நிழல் விழுந்துடும். நான் வச்சிருக்கற டைம்அவுட் மதியம் 12. எங்க இருந்தாலும் சரி, அதுக்குள்ள மேல போய்ச் சேரலைன்னா திரும்பிடணும். இதைக் காலையில டீக்கடையிலயே எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணிடுங்க. உச்சி கண்ணுக்குத் தெரியற இடத்துல நின்னு பேசினா யாரும் நியாயமாப் பேச மாட்டாங்க.

தண்ணி, ஏத்தத்துல மணிக்கு அரை லிட்டருக்கு மேல வேணும். ஆறு மணி நேரத்துக்கு மூணு லிட்டர், அதுவே மூணு கிலோ. ஓடைத் தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்க, மேல எஸ்டேட் இருந்தா மருந்து அடிச்ச தண்ணி இறங்கும், அது காய்ச்சினாலும் போகாது. ஓஆர்எஸ் பாக்கெட் வச்சுக்கோங்க. இல்லைன்னா ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மட்டமா வழிச்சு. பை மொத்தம் உங்க எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. டென்ட் இல்லாததால ஏழெட்டு கிலோவுலயே முடிஞ்சுடும். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குறையும், போடியில வேர்க்கறதைப் பார்த்து ஸ்வெட்டரை விட்டுட்டுப் போகாதீங்க. மழைக்கோட்டு, ஹெட்லைட், விசில் மூணும் ஆளுக்கு ஒண்ணு. சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், கடலைமிட்டாய். எனர்ஜி பார் எல்லாம் பார்த்தா நம்ம கடலைமிட்டாயோட இங்கிலீஷ் பேர்தான்.

போன் சிக்னல் மலைமுகட்டுல வரும், மடிப்புல போயிடும். சில இடத்துல கேரள டவரைப் பிடிக்கும். அதனால ஏரோபிளேன் மோடுல போட்டு பேட்டரியைக் காப்பாத்துங்க, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. உங்க சிம்முக்கு சிக்னல் இல்லாட்டியும் வேற கம்பெனி டவர் இருந்தா 112 போகும், முயற்சி பண்ணுங்க.

இதையெல்லாம் விட மலிவான ஒரு ஏற்பாடு. கிளம்பற காலையில ஒரு தாள்ல எழுதுங்க: எத்தனை பேர், யார் யார், யாருக்கு என்ன மருந்து, ரத்த வகை, எந்த வழி, வழிகாட்டி பேரும் நம்பரும், எத்தனை மணிக்குள்ள இறங்கிடுவோம். லாட்ஜ்ல ஒண்ணு, வீட்டுல ஒருத்தருக்கு போட்டோ எடுத்து ஒண்ணு. கடைசி வரியில, "சாயந்திரம் 6 மணிக்குள்ள போன் வரலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு போட்டு, வனச்சரக அலுவலக நம்பரையும் 112-ஐயும் எழுதுங்க. நான் போகும்போது இந்தத் தாள் மாமாகிட்ட இருக்கும். அவர் அஞ்சேமுக்காலுக்கே மொட்டைமாடிக்குப் போயிடுவார்.